ஆமைக்கு மேல் பிள்ளையார்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது போன மாதம்தான் ஒரு விருந்தாளியைக் கவிழ்த்தது. கட்டிலில் உட்காருங்கள். எங்கள் வீட்டுக்காரர் பெட்ரோல் வாங்கப் போயிருக்கிறார். சைக்கிளில்தான், திரும்பி வரும்போது எதிர்க்காற்று வேறு. இந்தக் காலேஜ் இருக்கிற இடத்தில் காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. மற்றதற்கெல்லாம் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

போகும்போது என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? "ஏம்புள்ள, புல்லு வெட்டற வண்டியப் பாக்கறதுக்குக் கம்பெனிக்காரர் வருவாரு. தண்ணி குடு, டீ குடு. வாயை மட்டும் குடுக்காத." கேட்டீர்களா பேச்சை! என்னைப் பார்த்தால் வாய் கொடுக்கிறவள் மாதிரியா தெரிகிறது? நான் உண்டு, என் வேலை உண்டு. எதிலும் தலையிட மாட்டேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்னை. அதனால் பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நின்று கேட்பேன், அவ்வளவுதான். அவர்கள் தப்பாகப் பேசினால் திருத்துவேன். அது தலையிடுவதாகாது.

இந்தாருங்கள் டீ. சர்க்கரை போட்டிருக்கிறேன். வேண்டாமா? போட்டாயிற்றே.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்வதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "சென்னியப்பா, கம்பெனி ஆள் வந்து பாக்கட்டும். வண்டிமேல கோளாறுன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். ஓட்டறவன்மேல கோளாறுன்னா கிரவுண்டைக் காண்ட்ராக்டுக்கு விட்டுடுவேன். அவங்க ஆளோட, வண்டியோட வந்துடுவாங்க." ஆள் வந்தால் ஆளுக்கு இருக்க வீடு வேண்டுமே. இதுதான் அந்த வீடு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இன்னொருத்தி முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. டீயைக் குடியுங்கள்.

அந்த வண்டி வந்ததே ஆடி மாதத்தில். ஆடியில் யாராவது வண்டி வாங்குவார்களா? மலைமேல் ஏதோ ஒரு கிளப்பை மூடிவிட்டார்களாம், சல்லிசாகக் கிடைத்ததாம். கிளப்பை ஏன் மூடினார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. படித்தவர்கள். லாரியில் இருந்து இறக்கியவுடன் இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தில் என்னைப் பார்த்தபோதுகூட அப்படிப் பல் தெரியவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, "ஏம்புள்ள, இனிமே உக்காந்துட்டே புல்லு வெட்டலாம்" என்றார். அதுவரை தள்ளுகிற வண்டி. வெயிலில் தள்ளித் தள்ளி முதுகு வளைந்திருந்தது. வளைந்தாலும் மனிதர் நிம்மதியாக இருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். சும்மா சுற்றிவந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறதே, அதன் மேல் முனையில் ஒரு முயல் படம், கீழ் முனையில் ஒரு ஆமை.

"இது என்னங்க?" என்றேன்.

"ஆக்ஸிலேட்டர் புள்ள. முயலுக்குத் தள்ளினா வேகம். ஆமைக்கு இழுத்தா மெதுவு. நிறுத்தறப்ப ஆமைக்கு இழுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்பறம் சாவியத் திருப்பணும்."

தம்பி, நீங்களே சொல்லுங்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம்முடைய பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களா இல்லையா? அந்த ஷெட்டுக்கும் என் அடுப்படிக்கும் ஒரே சுவர். ஷெட்டுக்குள் வந்தால் வீட்டுக்குள் வந்த மாதிரிதான். இந்த மனிதர் தினமும் சாயங்காலம் வண்டியை ஆமையில் வைத்து, ஆமை வேகத்தில், ஆமையாகவே என் வீட்டுக்குள் கொண்டுவருவாராம். நான் பார்த்துக்கொண்டு சோறு வடிக்க வேண்டுமாம். அமீனா இதுவரை வரவில்லை. இன்றைக்கு நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். "வண்டியை எங்க வேணா ஆமையில ஓட்டுங்க. ஷெட்டுக்குள்ள வர்றப்ப மட்டும் முயல்ல வாங்க." இதில் என்ன கஷ்டம்? இரண்டு நாள் சோறு இறங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "முயல்ல வந்தா நிறுத்த முடியாது புள்ள." "நிறுத்தறதுக்குத்தான் பிரேக்குன்னு ஒண்ணு குடுத்திருக்காங்க." மூன்றாம் நாள் முயலில் வந்தார். வந்த வேகத்தில் தண்ணீர் டிரம்மை இடித்து, டிரம் சுவரை இடித்து, சுவர் அந்தப் பக்கம் என் மசாலா டப்பாக்களை இடித்தது. ஒரு வண்டியை உள்ளே கொண்டுவரத் தெரியவில்லை. இவரை நம்பி ஒரு கிரவுண்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

மேனேஜர் வந்து கேட்டபோது, "கால் வழுக்கிடுச்சுங்க ஐயா" என்று தலையைக் குனிந்துகொண்டார். கால் எங்கே வழுக்கியது? எதையாவது ஒன்றை ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா? நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஆமை வரக்கூடாதுன்னுதான் ஐயா" என்று ஆரம்பித்தேன். இவர் என் காலை மிதித்துவிட்டார். அதுவாவது வழுக்காமல் சரியாகப் பட்டது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சண்டையும் வேண்டாம், சுவரும் இடிய வேண்டாம். பழனியில் வாங்கிய பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்று சும்மா கிடந்தது. அதை ஆமையின் மேல் ஒட்டிவிட்டேன். ஆமை போயிற்று, பிள்ளையார் வந்தார். இனிமேல் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வரலாம். இவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் லீவரை அவ்வளவு தூரம் கீழே இழுத்தால் அது பிள்ளையாரின் தும்பிக்கையில் இடிக்கிறது, தம்பி. சாமியை இடிக்கலாமா? அதனால் தும்பிக்கைக்கு ஒரு விரற்கடை முன்பாகவே நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சொன்னால் கேட்கிற மனிதர்தான். சொல்கிற வரைக்கும்தான் ஒன்றும் தெரியாது.

நீங்கள் ஏன் நெற்றியைத் தடவுகிறீர்கள்? டீ ஆறிவிட்டதா?

சரி, கோளாறுக்கு வருகிறேன். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடினால் நாலு பேர் கண் படாதா? காலேஜ் பெண்கள் வந்து வண்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். வாட்ச்மேன் பெண்சாதி வெள்ளையம்மாள் இருக்கிறாளே, அவள் ஒருநாள் வாசலில் நின்று, "தெய்வாத்தாக்கா, உங்க வூட்டுக்காரரு கலெக்டராட்டம் உக்காந்துட்டுப் போறாருங்க!" என்றாள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்தப் பெருமூச்சில் அடுப்பே அணைந்துவிடும்.

அன்றைக்கே திருஷ்டிக் கயிறு கட்டினேன். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு விரலி மஞ்சள். ஸ்டீயரிங்கில் கட்டினால் இவர் கை பட்டு அழுக்காகும். சீட்டில் கட்டினால் உட்கார்ந்துவிடுவார். எஞ்சின் பக்கத்தில் பார்த்தேன். கடவுள் எனக்காகவே செய்து வைத்த மாதிரி ஒரு சின்னக் கம்பி, அதோடு ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஒரு முனையை அதில் கட்டி, மறு முனையைப் பக்கத்தில் இருந்த கெட்டியான பைப்பில் இழுத்துக் கட்டினேன். மூன்று முடிச்சு. ஊஞ்சல் மாதிரி நடுவில் மஞ்சள் ஆடியது. கண்ணுக்கு அழகாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே வண்டி ஆட ஆரம்பித்துவிட்டது. உர்ர் என்று ஏறும், உடனே படுத்துவிடும், மறுபடி ஏறும். பைத்தியம் பிடித்த மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எவ்வளவு திருஷ்டி உள்ளே இருந்திருக்கிறது என்று. கயிறு கட்டினவுடன் எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் கொண்டுவந்துவிட்டது பாருங்கள். கட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இவர் ஊரில் இருந்து நாச்சிமுத்துவைக் கூட்டிவந்தார். மொபெட் மெக்கானிக். கார்புரேட்டர் என்றால் அவன்தான் என்று நாலு ஊரில் பெயர். எதையும் கண்ணால் பார்க்க மாட்டான். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வைக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, கார்புரேட்டருக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்றான்.

"கஷாயம் வெச்சுத் தரட்டுமா சாமி?" என்றேன்.

கழற்றினான், ஊதினான், பெட்ரோலில் குளிப்பாட்டினான், மாட்டினான். ஒரு ஸ்க்ரூவை வலது பக்கம் திருப்பினான், கரும்புகை வந்தது. இடது பக்கம் திருப்பினான், வண்டி தும்மி நின்றது. மூன்று தடவை வந்து இதையேதான் செய்தான். கடைசித் தடவை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கவர்னர் சரியில்லீங்க" என்றான்.

"கவர்னர் சென்னையில இருக்கறாரு. அவருக்கும் நம்ம புல்லுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"அந்தக் கவர்னர் இல்லீங்கக்கா. வண்டி ரொம்பப் பறக்காமயும் ரொம்பப் படுக்காமயும் புடிச்சு வெக்கிற சாமான். இந்தக் கம்பி, இந்த ஸ்பிரிங்கு, இதுதான். பெட்ரோல் எவ்வளவு போகணும், எப்பப் போகணும், எல்லாம் இதுதான் முடிவு பண்ணும்."

"அப்ப மாமியார்னு பேர் வெச்சிருக்கலாமே!"

இவர் சிரித்தார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவன் மாமியார் வீட்டோடு இருக்கிறவன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நாச்சிமுத்து மரியாதை தெரிந்தவன். என் கயிற்றைப் பார்த்தவுடனே செருப்பைக் கழற்றிவிட்டான். "சாமிக் கயிறுங்க, நான் இதை அறுக்க மாட்டேன்" என்று ஒரு குச்சியால் அலுங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மற்ற வேலையெல்லாம் பார்த்தான். முடித்துவிட்டு மறுபடி இழுத்து, முறுக்கேற்றி, சரியாக வைத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இவரும் அப்படித்தான். தினமும் அந்தக் கயிற்றுக்கு விபூதி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பக்திக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி மட்டும் ஓடவில்லை.

கிரவுண்டு என்ன ஆயிற்று? வண்டி வேகம் ஏறும்போது மொட்டை, இறங்கும்போது சடை. குழந்தைக்குப் பாதியில் முடி இறக்கிவிட்டு நாவிதர் சாப்பிடப் போன மாதிரி. அந்த நேரம் பார்த்து கரஸ்பாண்டெண்ட் அவருடைய அப்பா பெயரில் கிரிக்கெட் கோப்பை வைத்தார். வெளியூர்க் காலேஜ் டீமின் கேப்டன் கிரவுண்டைப் பார்த்துவிட்டு, "சார், விதைச்சுட்டீங்களா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டானாம். கரஸ்பாண்டெண்ட் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் இவரைப் பார்த்தார். இவர் புல்லைப் பார்த்தார். புல்லுக்குத்தான் யாரையும் பார்க்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இவர் சரியாகத் தூங்குவதில்லை தம்பி. ஒருநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கயிற்றுக்குக் கிட்டே போகிறது, என்னைப் பார்த்ததும் பின்னால் வந்துவிட்டது. "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல புள்ள. நல்லாக் கட்டியிருக்கறயான்னு பாத்தேன்" என்றார். பிழைப்பு போகிற நேரத்தில் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியாது. உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

அட, எங்கே எழுந்துவிட்டீர்கள்? பெட்ரோல் வரட்டுமே. டேங்கின் அடியில் இருக்கிறது போதுமா? சரி, வாருங்கள். இப்படி வாருங்கள், சுவரைப் பார்த்து, அங்கே சிமெண்டு உதிரும்.

இதோ, இதுதான் மகராசி. பார்க்க எவ்வளவு சாதுவாக நிற்கிறாள் பாருங்கள். பார்த்தீர்களா, அதுதான் கயிறு. ஏன் அப்படிக் குனிந்து பார்க்கிறீர்கள்? மஞ்சள் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றுவதாக இருக்கிறேன்.

அய்யோ, அதைத் தொடாதீர்கள்!

என்னது, அவிழ்க்க வேண்டுமா? எதற்கு? கார்புரேட்டரைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? கார்புரேட்டர் அந்தப் பக்கம் இருக்கிறது. நாச்சிமுத்து மூன்று தடவை கழற்றியிருக்கிறான், எனக்குத் தெரியும். உங்கள் கையிலும்தான் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறீர்கள். அதை அவிழ்க்கச் சொன்னால் அவிழ்ப்பீர்களா? உங்கள் அம்மா கட்டியதா? அப்புறம் என்ன? உங்களுக்கே தெரிகிறதே.

என்ன, நானே அவிழ்க்க வேண்டுமா? ம். மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். கொஞ்ச நேரம் என் கையிலேயே வைத்துக்கொண்டால் போதுமா? சாமிக்குத்தம் வந்தால் உங்கள் கம்பெனி பொறுப்பு. சரி, விலகுங்கள். முடிச்சு இறுகிப்போயிருக்கிறது. நாச்சிமுத்து முறுக்கேற்றியதில் ஸ்பிரிங்கே கொஞ்சம் நீண்டிருக்கிறதே! கொஞ்சம் பொறுங்கள். மஞ்சளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையாரப்பா. வந்துவிட்டது.

எடுங்கள் இப்போது.

அந்த ஸ்க்ரூவை ஏன் திருப்புகிறீர்கள்? இவ்வளவு கொஞ்சமாகவா? நாச்சிமுத்து மாவாட்டுகிற மாதிரி சுற்றுவான். சோக்கை இழுத்துவிட்டுத்தான் இவரும் ஸ்டார்ட் செய்வார். ஆமாம். ஆமாம்.

அட!

சத்தத்தைப் பாருங்களேன். சோக்கை உள்ளே தள்ளிவிட்டீர்கள், அப்படியே நிற்கிறது. ஏறவில்லை, இறங்கவில்லை. இப்போது என்ன, லீவரைக் கடைசிவரை இழுக்க வேண்டுமா? தும்பிக்கையில் இடிக்குமே! முட்டினால்தான் வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடுமா, அதற்குப் பெயர் ஐட்லிங்கா? ஸ்டிக்கரை அரை இஞ்சு தள்ளி ஒட்டட்டுமா? ஒட்டினால் ஆமை தெரியுமே. பாதி ஆமைதானா? தலை தெரியுமா, வால் தெரியுமா? வால்தான் என்றால் பரவாயில்லை. வால் மட்டும் வீட்டுக்குள் வந்தால் தோஷம் கிடையாது.

எவ்வளவு மெதுவாக ஓடுகிறது! பச்சைக்குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிற மாதிரி.

பார்த்தீர்களா தம்பி, கயிற்றின் மகிமையை? இத்தனை நாள் உள்ளே இருந்து எல்லாத் திருஷ்டியையும் உறிஞ்சிக்கொண்டது. முழுசாக உறிஞ்சி முடித்தது, நீங்கள் வந்தீர்கள், அவிழ்த்தோம். போன வாரம் வந்திருந்தால் இது நடந்திருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

அதோ, இவர் வந்துவிட்டார். பாருங்கள், சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டுவிட்டு நிற்கிறார். ஏனுங்க, உள்ள வாங்க! சத்தம் கேக்குதா? இவர் பார்வை எங்கே போகிறது பாருங்கள். வண்டியைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்கைப் பார்க்கிறார். என் கையைப் பார்க்கிறார். சிரிக்கிறாரா? இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வருகிறது. வரும். அந்த எதிர்க்காற்றில் யாருக்கும் வரும்.

மேனேஜருக்குப் போன் போடுகிறீர்களா? போடுங்கள், போடுங்கள். நன்றாக எடுத்துச் சொல்லுங்கள். கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவி—

விடுங்க! என்னங்க இது, பெட்ரோல் கையால மூஞ்சியப் பொத்திட்டு! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என் வாயைப் பொத்தியது இல்லை தம்பி. வெளி ஆளுக்கு முன்னால் இன்றைக்குத்தான் தைரியம் வந்திருக்கிறது.

என்ன சொன்னீர்கள் மேனேஜரிடம்? "கார்புரேட்டர்ல தூசி சார். பழைய வண்டி, வந்தப்பவே இருந்திருக்கும். ஓட்டறவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவர் இல்லேன்னா எப்பவோ நின்னிருக்கும்." மேனேஜர் சரி என்றாரா? காண்ட்ராக்ட் வேண்டாமாமா? வாயாலேயே சொன்னாரா? அப்பாடா. வெள்ளையம்மாள் காதில் இது சீக்கிரம் விழ வேண்டும்.

ஆனாலும் தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தூசியாம்! உங்கள் கண்ணுக்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது, தூசி என்கிறீர்கள். என்ன படித்து என்ன? தூசிக்கும் திருஷ்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களையும் ஒரு கம்பெனி நம்பி அனுப்புகிறது.

எதற்கு இப்போது துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்குகிறது இவருக்கு? அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு! நீங்களும் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? தூசியில் சிரிக்க என்ன இருக்கிறது?

சிரியுங்கள், சிரியுங்கள். எது எப்படியோ, எங்கள் அடுப்பு அணையாமல் காப்பாற்றிவிட்டீர்கள். நல்லது செய்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வீட்டில் புதுக் கயிறு இருக்கிறது, நல்ல முறுக்குக் கயிறு. வாசலில் நிற்கிறதே, அதுதானே உங்கள் பைக்? எஞ்சின் பக்கம் கட்டுவதற்கு ஏதாவது சின்னக் கம்பி இருக்கும், நானே பார்த்துக் கட்டிவிடுகிறேன். நீங்கள் டீயைக் குடியுங்கள்.

ஏன் இரண்டு பேரும் ஒரேயடியாக என் பின்னால் ஓடி வருகிறீர்கள்?